டெல்டாவில் இருந்துகொண்டு ஸ்னீக்கர் சேர்ப்பது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருந்துகொண்டு ஸ்னீக்கர் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மும்பை, டெல்லிக்காரர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி நமக்குப் பொருந்தாது. அவர்கள் கடை வாசலில் வரிசையில் நிற்கலாம், ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், ஏசி அறையில் அலமாரி அடுக்கலாம். நமக்கு இருப்பது கூரியர், ஐப்பசி மழை, கரையான், அப்புறம் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிற சொந்தக்காரர்கள். இதை வைத்துக்கொண்டே நன்றாகச் சேர்க்கலாம். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாம் இதை வைத்துத்தான்: நம் ஊர் காற்றில் ஷூவைப் போடாமல் பல வருஷம் பூட்டி வைத்தால் அது உள்ளேயே செத்துப்போகும். அதனால் போட்டு நடக்கப் போகிற ஜோடியை மட்டும் வாங்குங்கள்.

விலை ஏன் ஏறுகிறது

1985-இல் நைக்கி ஏர் ஜோர்டன் 1 கடைக்கு வந்தபோது விலை 65 டாலர். பீட்டர் மூர் வடிவமைத்தது. அதே வருஷம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளின் நிறங்களில் நைக்கியின் டங்க் என்ற மாடல் வந்தது. அப்போது இவை விளையாட்டு ஷூக்கள், அவ்வளவுதான். பிறகு 2005-இல் நியூயார்க்கில் புறா படம் போட்ட டங்க் ஒன்று வெறும் 150 ஜோடி மட்டும் வெளியானது, கடைக்கு வெளியே கூட்டம் முட்டி மோதி போலீஸ் வர வேண்டியதாகிவிட்டது, மறுநாள் செய்தித்தாளில் வந்த பிறகுதான் வெளியுலகத்துக்கே ஷூவை வாங்கி அதிக விலைக்கு மறுபடி விற்கிற ஒரு சந்தை இருப்பது தெரிந்தது. 2017-இல் ஃபேஷன் வடிவமைப்பாளர் விர்ஜில் அப்லோ நைக்கியோடு சேர்ந்து பத்து மாடல்களைப் பிரித்து மேய்ந்து புதிதாகச் செய்தார். 2019-இல் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் பெயரில், நைக்கியின் டிக் குறியைத் திருப்பிப் போட்ட ஜோர்டன் 1 வந்தது. இப்படித்தான் விலை மேலே போனது.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு எந்த லிமிடெட் ஷூ வாங்கினாலும் விலை ஏறும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு உதாரணம் சொல்கிறேன். கறுப்பு வெள்ளை டங்க் லோ, எல்லோரும் பாண்டா என்று சொல்வது, 2021-இல் வந்தபோது கிடைக்காமல் ரீசேலில், அதாவது மறுவிற்பனையில், நல்ல விலைக்குப் போனது. நைக்கி அதை மறுபடி மறுபடி கடைக்கு அனுப்பியது, விலை இறங்கியது, மாற்றுக் கருத்தே இல்லாமல் இன்று அது சாதாரண ஷூ. அடுத்தது யீசி, ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டோடு சேர்ந்து அடிடாஸ் விற்ற ஷூ வரிசை. 2022 அக்டோபரில் அடிடாஸ் கான்யே வெஸ்ட்டோடு உறவை முறித்தது. இனி வரவே வராது என்று பலர் வாங்கிக் குவித்தார்கள். 2023-இல் கிடங்கில் மிஞ்சியதை அடிடாஸ் தானே விற்க ஆரம்பித்தது. அடிடாஸ் சாம்பாவும் அப்படித்தான், ஒரு சமயம் எங்கே பார்த்தாலும் ஸ்டாக் இல்லை, பிறகு எங்கே பார்த்தாலும் சாம்பா. நிறுவனம் நினைத்தால் ஒரு நாளில் இன்னும் லட்சம் ஜோடி தைத்துவிடும், அதைத் தடுக்க நம்மால் முடியாது. விலை ஏறும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எதில் தொடங்குவது

ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். டங்க் லோ என்றால் டங்க் லோ, சாம்பா என்றால் சாம்பா. அதன் தையல் எப்படிப் போகும், முன்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கும், எந்த வருஷம் எந்த நிறம் வந்தது, அட்டைப்பெட்டியில் லேபிள் எங்கே ஒட்டியிருக்கும் என்று முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டாவது மாடலுக்குப் போங்கள். பத்து மாடலை மேலோட்டமாகத் தெரிந்தவரைத்தான் போலி விற்கிறவர்கள் தேடுகிறார்கள்.

முதல் ஜோடியைக் கடைக்குப் போய்க் கையில் தொட்டு வாங்குங்கள். திருச்சி தில்லை நகர் பக்கம் போனால் பிராண்ட் கடைகளில் சாதாரணமாக வெளியாகும் நிறங்கள் இருக்கும். அசல் ஷூவின் எடை, தோலின் மணம், சோலின் விறைப்பு எல்லாம் கைக்குப் பழகட்டும். இந்தப் பழக்கம் பின்னால் போலியைப் பிடிக்க உதவுகிற மாதிரி எந்த வீடியோவும் உதவாது. ஆடி மாசத் தள்ளுபடியும் பிராண்ட் கடைகளின் சீசன் முடிவுத் தள்ளுபடியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும், ஜனவரியில் இன்னொரு முறை வரும். முதல் ஜோடிக்கு அதுதான் நல்ல நேரம். காமெட், கல்லி லேப்ஸ் மாதிரி இந்திய பிராண்டுகளும் டிராப் போடுகின்றன, அதாவது அறிவித்த நாளில் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிடுகின்றன. விலை குறைவு, டிராப் எப்படி நடக்கிறது என்று பழகிக்கொள்ள இவை சரியான இடம்.

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இஎம்ஐ போட்டு ஷூ வாங்காதீர்கள். வீட்டில் அறுவடைப் பணம் வரும், அப்போது கட்டிவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே உரக்கடையில் இருந்து நகைக்கடன் வரை ஆள் நிற்கிறது.

அளவு

டெல்டாவில் இருந்து வாங்கும்போது பணம் அதிகம் வீணாவது இதில்தான், ஏனென்றால் டிராப்பில் வாங்கியதைத் திருப்பி மாற்ற முடியாது, உங்கள் அளவு தீர்ந்திருக்கும். சாயங்காலம் அளந்து பாருங்கள், நாள் முழுக்க நடந்த பிறகு கால் கொஞ்சம் பருத்திருக்கும். வெள்ளைத் தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொட நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரில் எழுதி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சென்டிமீட்டர் என்றால், யுகே அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும். நைக்கியில் ஆண்கள் யுஎஸ் 9 என்பது யுகே 8, யூரோ 42.5. அடிடாஸில் அதே யுஎஸ் 9 யுகே 8.5 ஆகிவிடும். இரண்டிலும் பெட்டி லேபிளில் 27 சென்டிமீட்டர் என்றே இருக்கும். உங்கள் கால் நீளத்துக்கு மேல் அரை சென்டிமீட்டரில் இருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இடம் விட்டு அளவு எடுங்கள். சின்னக் கால் உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: நைக்கியில் சிறுவர் பிரிவின் 7 ஒய்யும் ஆண்கள் 7-உம் நீளத்தில் ஒன்று. பல நேரம் சிறுவர் பிரிவில் விலை குறைவு. தோலின் தரமும் வடிவமும் மட்டும் கொஞ்சம் வேறுபடும்.

டிராப் நாளன்று

வெளியீடு இரண்டு விதம். ஒன்று முந்துகிறவருக்கு முதலில் கிடைப்பது, இன்னொன்று குலுக்கல், அதாவது டிரா அல்லது ராஃபிள். முதல் வகையில் பாட், அதாவது தானாக ஆர்டர் போடும் மென்பொருள், வைத்து அள்ளுகிறவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும், நம் ஊர் நெட்டை வைத்து அதில் அடிக்கடி ஜெயிக்க முடியாது. குலுக்கலில் எல்லோருக்கும் ஒரே சீட்டுதான், கும்பகோணத்தில் இருந்து போட்டாலும் பாந்த்ராவில் இருந்து போட்டாலும் வாய்ப்பு ஒன்றே. அதனால் உங்கள் சக்தியைக் குலுக்கல்களில் செலவிடுங்கள். பிராண்டுகளின் சொந்தத் தளங்கள், வெஜ்நான்வெஜ், சூப்பர்கிக்ஸ் போன்ற கடைகளின் தளங்கள் எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்கி, முகவரி, பின்கோடு, ஃபோன் எண், கார்டு எல்லாவற்றையும் முன்னாடியே சேமித்து வையுங்கள். அந்த பின்கோடுக்குக் கூரியர் வருமா என்று ஒரு சாக்ஸ் ஆர்டர் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டை, கோடியக்கரை பக்கம் கிராமங்களில் இருப்பவர்கள் டவுனில் உள்ள சொந்தக்காரர் கடை முகவரியைப் போடுவது நல்லது.

டிராப் நாளன்று உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் வைஃபை போகும், பக்கத்து டவரும் திணறும். இரண்டு நிறுவனங்களின் சிம் கையில் இருக்கட்டும். பணம் கட்டும் கட்டத்தில் கார்டு ஓடிபி வர லேட்டாகும், யுபிஐ வேகமாக முடியும். ஆனால் பெரிய தொகைக்கு உங்கள் வங்கியின் தினசரி வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆளுக்கொரு கணக்கில் ஒரு சீட்டு போடலாம், அம்மா பெயரிலும் அக்கா பெயரிலும், அவர்களிடம் சொல்லிவிட்டு. ஒரே ஆள் பத்து போலிக் கணக்குத் தொடங்கினால் தளம் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடும், அடுத்தவன் வாய்ப்பையும் கெடுத்த மாதிரி.

இன்னொரு விஷயம், 2024 ஆகஸ்டில் காலணிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் தரச்சான்று விதி விரிவாக அமலுக்கு வந்தது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் சான்று வாங்க நேரம் எடுத்ததால் சில மாடல்கள் இந்தியாவுக்கு வரவே இல்லை. வெளிநாட்டு வீடியோவில் பார்த்த நிறம் இங்கே ஏன் இல்லை என்று குழம்புகிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூர் வழி

நமக்கு உள்ள பெரிய பலம் திருச்சி விமான நிலையம். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். சிங்கப்பூரில் குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டர் பல வருஷமாகவே விளையாட்டு ஷூக்களுக்குப் பேர்போன இடம், நம் ஆட்களுக்கும் தெரியும். மாமாவோ மச்சானோ ஊருக்கு வரும்போது ஒரு ஜோடி கேட்கலாம்.

கேட்கிற முறை ஒன்று இருக்கிறது. "நல்லதா ஒரு நைக்கி வாங்கிட்டு வாங்க மாமா" என்று கேட்டால் அவர் கண்ணில் பட்டதை வாங்கி வருவார், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. மாடல் பெயர், ஸ்டைல் கோடு (பெட்டி லேபிளில் இருக்கும் மாடல், நிற எண்), சென்டிமீட்டர் அளவு, அங்கே எவ்வளவு விலை இருக்க வேண்டும், எல்லாவற்றையும் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பணத்தை முன்னாடியே அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டில் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிறவரிடம் ஷூவுக்காகக் கடன் சொல்லக் கூடாது. அவருடைய பெட்டியில் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் எடுத்துவரும் சாமான்கள்தான் முதலில் போக வேண்டும், உங்கள் அட்டைப்பெட்டிக்கு இடம் இல்லை என்றால் ஷூவை மட்டும் துணிக்குள் வைத்து எடுத்துவரச் சொல்லுங்கள், பெட்டி போனால் போகட்டும்.

வரி விஷயம்: சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 சதவீதம். சுற்றுலா விசாவில் போன அப்பா அம்மா தங்கள் கையால் ஒரே கடையில் 100 சிங்கப்பூர் டாலருக்கு மேல் வாங்கினால் விமான நிலையத்தில் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. இங்கே இறங்கும்போது சுங்க வரம்பு எவ்வளவு என்பதைப் பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்கு ஒரு ஜோடி எடுத்துவருவது வேறு, ஒரே மாடலில் ஐந்து அளவு அடுக்கி வந்தால் அது வியாபாரச் சரக்கு, கேள்வி கேட்பார்கள். கூரியரில் வெளிநாட்டில் இருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியும் இறக்குமதிக்கான ஐஜிஎஸ்டி வரியும் சேர்ந்து விலை நன்றாகவே எகிறும், ஆர்டர் போடும் முன் கணக்குப் போடுங்கள்.

போலியைப் பிடிப்பது

ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, 7ஏ, 10ஏ, யுஏ. இன்ஸ்டாகிராமில் எந்தப் பெயரில் விற்றாலும் இவை எல்லாம் போலிதான். யுஏ என்றால் அசல் தொழிற்சாலையில் இருந்து பின்வாசல் வழியாக வந்தது என்று கதை சொல்வார்கள், நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் இந்தக் கதை இன்னும் எளிதாக எடுபடுகிறது, காரணம் செய்யாறு சிப்காட்டில் உள்ள லோட்டஸ் தொழிற்சாலை உண்மையிலேயே நைக்கிக்கு ஷூ தைக்கிறது. "செய்யாறு எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், அதனால 2,000 ரூபாய்" என்று சொன்னால் நமக்கும் இருக்கலாமே என்று தோன்றும். அப்படிச் சொல்லி இன்ஸ்டாவில் எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் குவியலாக விற்கிறவரிடம் இருப்பது ரிஜெக்ட் சரக்கு கிடையாது. இதன் மறுபக்கமும் தெரிந்துகொள்ளுங்கள்: நாக்கு லேபிளில் இந்தியாவில் தயாரானது என்றோ வியட்நாம், இந்தோனேசியா என்றோ போட்டிருப்பதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். அசல் ஷூக்கள் அங்கேதான் தயாராகின்றன.

பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஸ்டைல் கோடு. நைக்கியில் உள் லேபிளிலும் பெட்டி லேபிளிலும் ஒரே கோடு இருக்க வேண்டும். பாண்டாவுக்கு டிடி1391-100. அந்தக் கோடைத் தேடிப் பார்த்தால் அதே ஷூ, அதே நிறம் வர வேண்டும். வேறு நிறம் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அடிடாஸில் இடது வலது இரண்டு ஷூவின் உள் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வரிசை எண் இரண்டிலும் வேறுபட்டிருக்க வேண்டும். போலி தயாரிப்பவர்கள் ஒரே லேபிளை இரண்டிலும் ஒட்டிவிடுவார்கள். கோடு சரியாக இருப்பதால் மட்டும் ஷூ அசலாகிவிடாது, லேபிளை அச்சடிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அதன் பிறகு வடிவம். முன்பக்கம் மொத்தையாக வீங்கியிருக்கிறதா, பின்பக்கம் நேராக விறைத்து நிற்கிறதா என்று உங்களிடம் உள்ள அசல் ஜோடியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தையல் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, காற்றுத் துளைகள் முழுசாகக் குத்தப்பட்டிருக்கின்றனவா, உள் சோலைத் தூக்கினால் அடியில் பசை கண்டபடி வழிந்திருக்கிறதா. பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் தாக்குகிற பசை நாற்றம் பெரும்பாலும் கெட்ட அறிகுறி. செக்செக் மாதிரி ஆப்களில் கொஞ்சம் பணம் கட்டிப் படம் அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள், 10,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவைத் தாராளமாகச் செய்யுங்கள்.

தெரியாதவரிடம் வாங்கும்போது பக்கவாட்டு, முன், பின், அடி, உள் லேபிள், பெட்டி லேபிள் எல்லாவற்றையும் வெயில் வெளிச்சத்தில் எடுத்த படமாகக் கேளுங்கள், ஒரு படத்தில் அவர் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய தாள் ஷூவோடு இருக்கட்டும். தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். அசல் விலையில் கால் பங்குக்குத் தருகிறேன் என்கிற தளங்களை மூடிவிடுங்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை, "ரீஃபண்ட் அனுப்புறேன், பின் போடுங்க" என்றால் அது திருட்டு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு. கடையோடு தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பார்சல் வந்ததும் சீல் உடையாமல் இருப்பதில் தொடங்கி முழுசாக வீடியோ எடுத்துத் திறவுங்கள்.

ரீசேல் விலையைப் படிப்பது

ஸ்டாக்எக்ஸ், கோட் (GOAT) மாதிரி மறுவிற்பனைத் தளங்களில் நம் கண்ணில் முதலில் படுவது விற்கிறவர் கேட்கிற விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியாக உண்மையில் விற்ற விலை, அதுவும் உங்கள் அளவில். ஒரே ஷூவில் அளவுக்கு அளவு விலை மாறும். வெளியான முதல் சில நாட்களில் ஆசையில் விலை உச்சத்தில் இருக்கும், குலுக்கலில் ஜெயித்தவர்களுக்குப் பார்சல் போய்ச் சேர்ந்து அவர்கள் விற்க ஆரம்பித்ததும் இறங்கும், அதனால் சில வாரம் பொறுத்திருந்து வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் லாபம். இந்தியாவில் கிரெப்டாக் க்ரூ, மெயின்ஸ்ட்ரீட் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் வரி, சுங்கம் என்று தனித் தலைவலி இல்லை. மூன்று இடத்தில் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

வைத்துக்கொள்வது, போடுவது

ஏர் ஜோர்டன் 3, 4, 5, 6 எல்லாவற்றிலும் மிட்சோல், அதாவது அடி சோலுக்கும் மேல்பகுதிக்கும் நடுவில் உள்ள பகுதி, பாலியூரித்தேன் என்ற ஃபோமால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அந்த ஃபோமின் வேதிப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில், பெட்டியை விட்டு வெளியே வராத புத்தம் புது ஜோடியும் காலில் போட்ட அன்றே பொடிந்து கொட்டும். இது எந்த ஊரிலும் நடக்கும், நம் ஊரில் சீக்கிரம் நடக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் தாண்டிவிடுமோ என்று வருஷா வருஷம் கவலைப்படுகிற ஊருக்கு இதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வப்போது போட்டு நடந்தால் ஃபோம் அழுந்தி விரிந்து உள்ளே தங்கும் ஈரம் வெளியேறும் என்பது சேகரிப்பவர்களின் அனுபவம். அதனால் இந்த மாடல்களை மாசத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது போடுங்கள். ஜோர்டன் 1, டங்க், சாம்பா மாதிரி வெளியே ரப்பர் சோல் உள்ளவை நம் ஊரில் நீண்ட நாள் தாங்கும். புதிதாகத் தொடங்குகிறவர் இவற்றில் தொடங்கினால் நிம்மதி.

வைக்கிற இடம்: மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் வேண்டாம், கத்திரி வெயிலில் அங்கே பசை இளகிவிடும். தரையோடு வைக்கவும் வேண்டாம், கரையான் முதலில் அட்டைப்பெட்டிக்குத்தான் வரும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்குத் தரை மட்டத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று தெரியும். சுவரில் இருந்து கொஞ்சம் தள்ளி, இடுப்பு உயரத்தில் இரும்பு ரேக், அல்லது பீரோவின் நடுத்தட்டு. ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி உள்ளே வையுங்கள். 50 சதவீதம் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஐப்பசி கார்த்திகையில் 80-ஐத் தாண்டும்போது சிலிக்கா ஜெல் பைகளை மாற்றுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், நிறம் மாறியதைச் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள், புதுசு வாங்கிப் போடுங்கள். ஷூவைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி வைப்பதாக இருந்தால் உள்ளே ஈரம் இல்லை என்று உறுதி செய்த பிறகு கட்டுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை வேண்டாம், அந்த வாடை ஃபோமில் ஏறினால் போகவே போகாது.

நம் பக்கம் ஷூவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழற்றுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வீடு, சொந்தக்காரர் வீடு, கோயில், சில கடைகள், டாக்டர் கிளினிக் வாசல். லேஸை அவிழ்க்காமல் குதிகாலை மிதித்துக் கழற்றி, மறுபடி இடித்து இடித்துப் போட்டால் பின்பக்க விறைப்பு சில மாசத்தில் உட்கார்ந்துவிடும், விற்பது இருக்கட்டும், போட்டுப் பார்க்கவே அசிங்கமாகிவிடும். லேஸை அவிழ்த்துக் கழற்றுங்கள். குதிகாலை ஷூவுக்குள் வழுக்கி இறக்க உதவுகிற, பாக்கெட்டில் அடங்குகிற சின்ன ஷூ ஹார்ன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சேகரிப்பவருக்கு இதைவிட உபயோகமான சாமான் கிடையாது. பெரிய கோயிலுக்கோ கும்பேஸ்வரன் கோயிலுக்கோ போகிற அன்று செருப்பில் போங்கள். காலணி காப்பகத்தில் டோக்கன் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், அது அவர்கள் தப்பு இல்லை. கல்யாண மண்டபமும் அப்படித்தான்.

வண்டல் சேறு பட்டுவிட்டால் ஈரத்தோடு தேய்க்காதீர்கள், தையலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். நிழலில் முழுசாகக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, மென்மையான பிரஷ்ஷால் தூசி போக்கி, அப்புறம் கொஞ்சமாக சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். ஸ்வேட், அதாவது மெல்லிய ரோமம் போன்ற மேற்பரப்புள்ள தோல், என்றால் தண்ணீரே வேண்டாம், அதற்கான பிரஷ்ஷும் ரப்பரும் மட்டும். உள்ளே வெள்ளைத் தாளை அடைத்து வையுங்கள், செய்தித்தாளின் மை உள்துணியில் ஏறும். வாஷிங் மெஷினும் நேர் வெயிலும் கூடவே கூடாது, வெள்ளை சோல் மஞ்சளாகும், பசை விடும். சோல் ஓரம் பிரிந்தால் நம் ஊர் செருப்புத் தைக்கிறவரிடம் தாராளமாகக் கொண்டுபோங்கள், கப்சோலை, அதாவது கிண்ணம் மாதிரி மேல்பகுதியின் ஓரத்தைத் தாங்கும் ரப்பர் சோலை, சுற்றித் தைக்கச் சொல்லுங்கள், ஆணி மட்டும் அடிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கைத்தையலுக்கு ஈடு இல்லை.

விற்கும்போது

அளவு சேரவில்லை, ஆசை தீர்ந்துவிட்டது, பணம் தேவை, எப்படியும் ஒரு நாள் விற்க வேண்டி வரும். லாபக் கணக்கை நேராகப் போட்டுப் பாருங்கள். 14,000 ரூபாய்க்கு வாங்கியது 17,000-க்குப் போகிறது என்று வையுங்கள். கடைக்கோ தளத்துக்கோ பத்து சதவீதக் கமிஷன் என்றால் 1,700 போகும். கூரியர், பேக்கிங், காப்பீடு சேர்த்து 400. மிச்சம் 900. அந்த 14,000 எத்தனை மாசம் முடங்கிக் கிடந்தது, வாங்குகிறவர் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதெல்லாம் இதில் சேரவில்லை. வருமானமாகச் செய்ய நினைக்கிறவர் முதலில் ஒரு கணக்காளரைப் பார்த்து ஜிஎஸ்டி, வருமான வரி இரண்டையும் கேட்டுத் தெளிந்துகொண்டு இறங்குங்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்பி விற்பதற்கான விதிகள் வேறு.

நிலைமையை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். புத்தம் புது என்றால் லேஸ்கூடக் கட்டாதது. ஒரு தடவை போட்டிருந்தாலும் போட்டது என்றே சொல்லுங்கள், கீறலைத் தனியாகக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். டெல்டாவில் இதைச் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும், ஒரு பொய் சொன்னால் அடுத்த ஜோடியை யாரும் கேட்க மாட்டார்கள். பில் இருந்தால் பத்திரமாக வைத்திருந்து கூடவே கொடுங்கள், பில்லும் பெட்டியும் உள்ள ஜோடிக்கு நிச்சயம் கூடுதல் விலை கிடைக்கும். நேரில் கொடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், திருச்சி மத்தியப் பேருந்து நிலையம் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள், வாங்குகிறவர் நிதானமாகப் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். கூரியரில் அனுப்புவதானால் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று வங்கி ஆப்பில் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அவர் அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட்டை வைத்து அனுப்பக் கூடாது. ஷூ பெட்டியை முதலில் கனமான பாலித்தீனில் சுற்றி, அதை இன்னொரு நெளிதாள் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மூலைகளில் தாள் அடைத்து, எல்லா மடிப்பிலும் டேப் ஒட்டுங்கள். மழை மாசங்களில் பார்சல் லாரியில் ஒரு ராத்திரி நனையும் என்று நினைத்துக்கொண்டே கட்டுங்கள். ஷூவை உள்ளே வைப்பதில் இருந்து டேப் ஒட்டி எடை போடுவது வரை ஒரே வீடியோவாக எடுத்து, வாங்குகிறவர் கையில் சேர்ந்து அவர் சரி என்று சொல்லும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.